இணைப்பு 14

பொன்ராஜ் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு பாரம் வரும் சார்" என்றார். ஒரு பாரம் பதினாறு பக்கம். ஏழு வருஷம் எழுதிய நாவல். கீழே அவருடைய அண்ணனின் பாத்திரக்கடை, மாடியில் இவருடைய பதிப்பகம். ரங்கநாதன் தெருவில் குக்கர் வாங்க வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டுதான் நான் இலக்கியத்துக்குப் படியேற வேண்டியிருந்தது. என்னுடைய முந்தைய நாவலையும் அவர்தான் போட்டார். அதில் விற்காத பிரதிகள் அந்த மாடிப்படிக்கு அடியில் பத்து வருஷமாகக் குடியிருந்தன, மேலே எவர்சில்வர் அண்டா. கதை எதைப் பற்றி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் வலியப்போய்ச் சொன்னதில்லை.

"டிசம்பருக்குள்ள புஸ்தகமாக் கையில வந்துரணும் சார். அப்பத்தான் இந்த வருசத்துல லைப்ரரிக்கு அனுப்ப முடியும். அடுத்த வருசம் நான் கதையே போடப்போறதில்ல. நோட்ஸுக்கு மாறுதேன். பத்தாங்கிளாஸ், பிளஸ் டூ."

"முதல்ல அனுமதி வாங்கணும் பொன்ராஜ். நான் இன்னும் சர்வீஸ்ல இருக்கேன்."

"அந்தக் கடுதாசி இல்லாம நானும் வேலைய ஆரம்பிக்கமாட்டேன். போன தடவையே உங்க ஆபீஸ்ல எங்கிட்ட நகல் கேட்டாங்கல்லா."

1994 ஜூன் அது. அரசு இயக்ககம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்த நான் ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. பேசாமல் பதினோரு மாதம் காத்திருந்தால் அனுமதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஆனால் அதற்குள் பொன்ராஜ் நோட்ஸுக்குப் போய்விடுவார். அவரை விட்டால் கஸ்தூரிரங்கன் என்ற பெயரில் நாவல் போட இந்தச் சென்னையில் வேறு நாதியில்லை. கேட்டுப் பார்க்காமல் சொல்லவில்லை. மூன்று பதிப்பாளர்களிடம் கேட்டேன். ஒருவர் என்னை வேறொரு கஸ்தூரிரங்கன் என்று நினைத்து காபி வாங்கிக் கொடுத்தார், இல்லை என்று தெரிந்ததும் கடைப்பையனிடம் டம்ளரை எடுக்கச் சொன்னார்.

அனுமதி கேட்காமலே போட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் முதல் நாவலை அப்படித்தான் போட்டேன், 1972-ல், இளரத்த வேகத்தில். மூன்றாம் மாதம் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ) பிரிவின் கீழ் குறிப்பாணை வந்தது. முன்னனுமதியின்றி நூல் வெளியிட்டு வருவாய் ஈட்டியது ஏன் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். வருவாய் எதுவும் இல்லை என்று உள்ளதை எழுதினேன். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று பதில் வந்து, ஆறு மாதம் ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். நானூறு பக்க நாவலை யாரும் நம்பவில்லை, ஒரு வரி விளக்கத்தையும் யாரும் நம்பவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

என் மனைவி விஜயலக்ஷ்மிக்கு அந்தக் குறிப்பாணை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. "ரிடையர் ஆற சமயத்துல இன்னொரு மெமோ வாங்கிண்டு ஆத்துக்கு வராதேங்கோ. முறையா எழுதிக் கேளுங்கோ, குடுத்தா குடுக்கட்டும்" என்றாள். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வாடகைப் போர்ஷனில், ஒரு அறையை முப்பது வருஷமாக எனக்கு எழுத விட்டுக்கொடுத்து, பாட்டுச் சொல்லிக்கொள்ள வரும் பெண்களைச் சமையலறை வாசலில் உட்காரவைத்தவள். அவள் சொன்னதைத் தட்ட எனக்கு வாயில்லை.

பொன்ராஜ் ஆட்டிப்பார்த்த கட்டில் ஒரு குறை இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு அத்தியாயம், அதில் பதினாலாவது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாள். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கை நீட்டாமல், யாருக்கும் வளையாமல் மேலே வருகிற ஒருவனின் கதை அது. அவன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. மற்ற இருபத்தோரு அத்தியாயமும் அவன் நல்லவன் என்று சொல்லும். பதினாலாவதுதான் உண்மையைச் சொல்லவேண்டும். ஏழு வருஷத்தில் நாற்பது தடவையாவது அதைக் கையால் எழுத உட்கார்ந்திருப்பேன். பேனா நகராது.

கடைசியில் எழுதவில்லை, சொன்னேன். தெற்கு மாடவீதியில் ஒரு மாடியில் சண்முகவடிவு என்ற அம்மாள் தமிழ்த் தட்டச்சு செய்துகொடுப்பார். மனுவோடு இரண்டு தட்டச்சுப் பிரதி இணைக்கவேண்டும் என்பது விதி, அதனால் முழு நாவலும் அவரிடம் போயிருந்தது, ஒரு அசல், ஒரு கார்பன். ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பூக்கடையும் ஆட்டோச் சத்தமும். நான் நின்றுகொண்டே, ஆபீஸில் குறிப்பு சொல்வதைப்போல் முதல் வரியைச் சொன்னேன். அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது. இரண்டரை மணி நேரம் நிற்காமல் வந்தது. ஒரே ஒரு இடத்தில் அந்த அம்மாளின் விரல் நின்றது.

"அந்தம்மா அப்புறம் வரவேயில்லையா சார்?"

"அடிங்க" என்றேன்.

அந்த அம்மா ஜமீலுன்னிசா. அவள் கணவர் குலாம் முகம்மது எங்கள் இயக்ககத்தில் கடைநிலை ஊழியராக இருந்து 1967-ல் பணியிலேயே இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியக் கோப்பு என்னிடம் வந்தது, நான் அப்போது உதவியாளர். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும், ஆறு காகிதம். ஆறையும் ஒரே கடிதத்தில் கேட்டிருந்தால் அவள் ஒரே மாதத்தில் வாங்கி வந்திருப்பாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அதற்குக் காரணம் லஞ்சம் இல்லை, வெறுப்பு இல்லை, சோம்பேறித்தனம்கூட இல்லை. ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டால் அந்த மாத நிலுவைப் பட்டியலில் அந்தக் கோப்பு வராது. ஆறு தடவை கேட்டால் ஆறு தடவை தப்பிக்கலாம். வாரிசுச் சான்று. அது வந்ததும் மறுமணம் செய்யாமைச் சான்று. அது வந்ததும் வாரிசுச் சான்று பழசாகிவிட்டது, புதிது கொண்டுவா. இப்படி ஒன்பது வருஷம். இயக்ககத்திலேயே நிலுவை இல்லாத இருக்கை என்னுடையதுதான், அதற்காக இரண்டு பாராட்டுக் குறிப்பு வாங்கியிருக்கிறேன்.

மாதத்தின் முதல் செவ்வாய் ஜாம்பஜாரிலிருந்து நடந்தே வருவாள். வராந்தாவில் தூணோரம் ஒரு பெஞ்சு. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே போகும்போது எழுந்து நிற்பாள். "சாப், வந்துருச்சா?" என்பாள். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்டதில்லை. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. மனுதாரர் நெடுநாளாக நேரில் வராததாலும் கோரிய ஆவணங்களை அளிக்காததாலும் கோப்பு முடிக்கப்படுகிறது என்று எழுதி நானே மூடினேன். அதில் ஒரு எழுத்துத் தவறு கிடையாது. நாவலில் ஒன்றையும் மாற்றவில்லை, பெயரைக்கூட.

ஜூலை முதல் வாரம் மனு கொடுத்தேன். பணியமைப்புப் பிரிவில் உதவியாளர் ஜெயபாரதி அதை வாங்கிப் பதிந்தாள். நாற்பது வயது, பதினைந்து வருஷ சர்வீஸ், நெற்றியில் எப்போதும் ஒரு சின்ன யோசனை. கோடம்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவாள். வருகிற வழியில் அவள் பையில் ஏதாவது ஒரு வாடகை நூல்நிலையப் புத்தகம் இருக்கும். நாவலை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் அத்தியாயங்களை இணைப்பு 1 முதல் இணைப்பு 22 வரை என்று எண்ணிட்டுக் கோப்பில் சேர்த்தாள். தமிழில் ஒரு நாவலுக்கு இப்படியும் ஒரு கதி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் வேறு பிரிவின் கண்காணிப்பாளர், ஆனால் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் இருந்தோம். என் நாற்காலியிலிருந்து ஆறாவது மேசை அவளுடையது. கோப்புக் கட்டில் என் நாவல் மேலிருந்து எத்தனையாவது என்பது என் இருக்கையிலிருந்தே தெரியும். ஜூலை முழுவதும் மூன்றாவது. ஆகஸ்டில் ஐந்தாவதாக இறங்கியது. ஒருவாரம் காணவில்லை. டி.டி. என்று நாங்கள் சொல்லும் துணை இயக்குநர் அறைக்குப் போயிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், பார்த்தால் ஜன்னல் காற்றுக்குத் தாள் பறக்காமலிருக்க வேறொரு கட்டின் மேல் வைத்திருந்தாள். என் கோப்பைப் பற்றி நான் வாய் திறந்து கேட்கக் கூடாது, கேட்டால் செல்வாக்கைப் பயன்படுத்தியதாக ஆகும். அந்த விதியைச் சுற்றறிக்கையாக வரைந்தவனும் நானேதான். ஏழு வருஷம் எழுதியவன் ஆறு மேசை தள்ளி உட்கார்ந்து இரண்டு மாதம் எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் பஞ்சாட்சரம் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனார். அந்தப் பிரிவும் கூடுதல் பொறுப்பாக என் தலையில் விழுந்தது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வரைவு. வரைவு திருத்துவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு என்று நானே சொல்லிக்கொள்வதில் தப்பில்லை, வேறு யாரும் என்னைப் பற்றி எதையும் சொல்லப்போவதில்லை. எந்த வரைவையும் நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிப்பேன். மேலே பொருள், பார்வை, முன்கதை எல்லாம் அலங்காரம். ஆணை என்பது கடைசிப் பத்தி. ஓட்டை இருந்தால் அங்கேதான் இருக்கும். அதை முதலில் அடைத்துவிட்டு அப்புறம் மேலே போவேன்.

பதினாறாம் தேதி மத்தியானம் ஜெயபாரதி ஒரு கோப்போடு வந்து நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினேன். கோப்பை வாங்கி வரைவின் அடிக்குப் போனேன். இணைப்பு 14-இல் கண்டுள்ள சில பகுதிகளை மனுதாரர் தக்கவாறு மறுபரிசீலனை செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்று இருந்தது. அன்றைக்கு நான் பார்த்த எல்லாக் கோப்பிலும் ஏதாவது ஒரு இணைப்பு இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சில பகுதிகள் என்றால் எவை? தக்கவாறு என்பதை யார் முடிவு செய்வது? இந்த ஆணையை வைத்துக்கொண்டு மனுதாரர் எதையும் செய்யாமல் எல்லாம் செய்துவிட்டேன் என்பார், இலாகா வாயைப் பார்க்கவேண்டியதுதான். சிவப்பு மசிப் பேனாவைத் திறந்தேன். அந்தப் பத்தியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே எழுதினேன். இணைப்பு 14 முழுமையாக நீக்கப்பட வேண்டும். அதன் பிரதிகள் அனைத்தும் கோப்பிலேயே வைக்கப்பட வேண்டும். அவை எக்காரணம் கொண்டும் திருப்பி வழங்கப்படலாகாது. கோப்பு ஓராண்டு முடிவில் அழிக்கப்படும் இனத்தில் சேர்க்கப்படுகிறது. ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தொலைபேசியில் இருந்தவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அப்புறம் மேலே போனேன். பொருள்: நாவல் வெளியிட அனுமதி கோருதல் – திரு. கஸ்தூரிரங்கன், கண்காணிப்பாளர்.

தொலைபேசியை வைத்தேன். ஜெயபாரதி வரைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"உங்க கோப்பு சார். உங்ககிட்ட வரக்கூடாதுதான். நேரா டி.டி.கிட்ட வைக்கணும். என்ன போகுதுன்னு நீங்க ஒருதரம் பாத்துட்டா நிம்மதியா இருக்குமேன்னு கொண்டாந்தேன்."

"டி.டி. என்ன எழுதியிருக்கார்?"

அவள் குறிப்புப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். துணை இயக்குநர் இருபத்திரண்டு இணைப்பில் எதையும் படித்திருக்க வாய்ப்பில்லை. யாரோ அவர் காதில் போட்டிருக்கவேண்டும். ஓரத்தில் இரண்டே சொல் இருந்தது. இணைப்பு 14, பரிசீலிக்க.

"பரிசீலிக்கன்னுதான சார் இருக்கு. அதான் வேணும்னே அப்படி எழுதினேன்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அதைப் படிச்சேன் சார். ரயில்ல ஒருதரம், வீட்ல ஒருதரம். சரி, வேற தாள்ல பழையபடி எழுதிட்டு வரேன். இதைக் கிழிச்சுப் போட்டுடலாம். யாரும் பாக்கல."

எனக்கு இருந்த ஒரே வாசகி எதிரே நின்று, தப்பிக்க வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக்கூட ஆட்டியிருக்க வேண்டாம், கோப்பை அவள் பக்கம் தள்ளியிருந்தால் போதும். நான் மறுபடியும் வரைவைப் பார்த்தேன். அடித்துத் திருத்திய பத்தி கச்சிதமாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது, சேர்க்க முடியாது. நாளைக்கு யாராவது, கஸ்தூரிரங்கன் தன் கோப்பைத் தானே தளர்த்திக்கொண்டான் என்று சொன்னால்? முப்பத்துநான்கு வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு நாவல் நினைவுக்கு வரவில்லை, என் சர்வீஸ்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

"சுருக்கொப்பம் போட்ட வரைவைக் கிழிக்கிறதா? என்னம்மா பேசறீங்க" என்றேன். "இருக்கட்டும். சரியாத்தான் இருக்கு."

அவள் கோப்பை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள், பதினேழாம் தேதி, ஆணை வெளிவந்தது. என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு என் நாவலின் இரண்டு பிரதிகளையும் கொடுத்தாள். பதிமூன்றுக்கு அப்புறம் பதினைந்து.

இன்னொரு தடவை சொல்லி எழுதிக்கொண்டால் போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். என்னுடையதுதானே, எங்கே போய்விடும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தெற்கு மாடவீதி மாடி ஏறினேன். சண்முகவடிவு அம்மாள் தாளைச் சொருகிக்கொண்டு காத்திருந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் அந்த எழுத்தருக்கு வேலைப்பளு அதிகம் என்று வந்தது. மூன்றாவதில், விதிகள் அப்படி இருந்தன என்று வந்தது. சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியும் எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்தது. அரைப்பக்கத்தில் நிறுத்தினேன். "போன தடவை இப்படி இல்லியே சார்" என்றார் அந்த அம்மாள். அதற்குப் பின் மூன்று முறை போய்ப் பார்த்தேன், அதே கதைதான்.

டிசம்பர் நெருங்கிவிட்டது. பொன்ராஜ் தினம் ஆள் அனுப்பினார். பதினைந்தைப் பதினாலாக்கி, கடைசிவரை எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். "சேக்கணும்னு சொன்ன ஒரு பாரம் இல்லாமப்போச்சு, நல்லதுதான் சார், வெலையக் கொறைக்கலாம்" என்றார்.

புத்தகம் வந்தது. ஒரு பத்திரிகையில் வரப்பெற்றோம் பகுதியில், வாஸ்து நூலுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல் நூலுக்கும் நடுவே பெயர் வந்தது. விஜயலக்ஷ்மி மார்கழி முழுவதும் கச்சேரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டே படித்தாள். முடித்த அன்று சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நன்னா இருக்கு" என்றாள். அப்புறம், "ஏன்னா, இதுல நீங்க ரொம்ப நல்லவராத் தெரியறேளே. அந்த ஜாம்பஜார் மாமி எங்கே?" என்றாள்.

ஜமீலுன்னிசாவைப் பற்றி எந்தக் காலத்திலோ சாப்பிடும்போது ஒரு தடவை சொல்லியிருப்பேன். அதை அவள் இத்தனை நாள் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றிவிட்டு வந்தேன். வந்தபின் அவளும் கேட்கவில்லை.

மே மாதம் பணிநிறைவு விழாவில் துணை இயக்குநர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். என் புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். நேர்மையான ஓர் அரசு ஊழியர் எப்படி வாழ்வார் என்பதற்கு இந்த நாவலே சான்று, இதைக் கதை என்று சொல்லமாட்டேன், அவருடைய வாழ்க்கை என்பேன் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். புத்தகத்தை அவர்கள் யாரும் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. படித்திருந்தாலும் அவர்கள் அதையேதான் சொல்லியிருப்பார்கள். கூட்டத்தில் ஜெயபாரதி மட்டும் கை தட்டாமல் மிக்சர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுதியதில் மிச்சப்பட்டது பச்சைப் பொய் என்று அவளுக்கும் என் மனைவிக்கும் தட்டச்சு செய்த அம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூலை கடைசியில் பொன்ராஜ் ஆளனுப்பினார். மாடியில் இப்போது சுவர் முழுக்கக் கணக்கு நோட்ஸ். "சார், உங்க புஸ்தகத்துல நானூறு பிரதி தைக்காமப் பாரமாக் கெடக்கு. எடத்த அடைக்குது. பழைய பேப்பருக்குப் போட மனசு வரல. என்ன செய்யட்டும்?" என்றார்.

நான் அந்தத் தைக்காத பாரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடித்து அடுக்கியிருந்தார்கள். இன்னும் அட்டை போடவில்லை, பசை வைக்கவில்லை.

"நடுவுல ஒரு பாரம் சேர்த்துத் தைக்க முடியுமா?"

"பக்க நம்பர் இடிக்கும். ஆனா முடியாதுன்னு இல்ல சார். மேட்டரக் குடுங்க, பதினாறு பக்கம்தான, அடிச்சுச் சேத்துருதேன். நீங்கதான் இப்ப ரிட்டயர்டு ஆயிட்டியளே, கடுதாசியும் வேண்டாம்லா." பிறகு ஒரு நிமிஷம் யோசித்து, "செப்டம்பர் வரைக்கும் வச்சிருக்கேன் சார். அதுக்குமேல எடம் வேணும்" என்றார்.

பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேகம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து இயக்ககத்துக்குப் போனேன். என்னைப் பார்த்து ஓரிருவர் பாதி எழுந்து, பாதியிலேயே உட்கார்ந்தார்கள். ஜெயபாரதியின் மேசையில் தபால் குவிந்திருந்தது. "வாங்க சார். ஒரு அரைமணி உக்காருங்க, இதை முடிச்சுட்டு வரேன்" என்றாள். உட்கார உள்ளே நாற்காலி இல்லை. வராந்தாவுக்கு வந்தேன்.

தூணோரம் அதே பெஞ்சு. முப்பத்துநான்கு வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. ஒரு கால் குட்டை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, அசைந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாயும். அதனால் அசையாமல் உட்காரவேண்டும். அரைமணி ஒன்றரை மணியானது. மின்விசிறி உள்ளேதான் சுற்றியது. என் பையில் விசிற ஒன்றுமில்லை, நடுவில் எங்கே சேர்ப்பது என்று பொன்ராஜுக்குக் காட்ட வைத்திருந்த என் நாவலின் ஒரு பிரதி மட்டும் இருந்தது. அதை எடுத்து விசிறிக்கொண்டேன். உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்தால் என்னையறியாமல் எழுந்து நின்றேன்.

ஒரு மணிக்குக் கூப்பிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கோப்பு பதிவறையில இருக்கு சார். ஆனா அடுத்த மாசம் பதினேழாம் தேதி ஓராண்டு முடியுது. அழிக்கிற லிஸ்ட் தயாராயிடுச்சு."

"ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு குடுத்தாப் போதும். ஒருநாளைக்குக் குடுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தந்துடறேன்."

"எக்காரணம் கொண்டும்னு இருக்கு சார்." அவள் இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆணையில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னாள், அவ்வளவுதான். "வாய்ல கேட்டா எனக்கு எடுக்க அதிகாரம் கிடையாது. ஒரு மனு எழுதிக் குடுங்க. டி.டி.க்கு வைக்கிறேன்."

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள். மேசை ஓரத்தில் குனிந்து நின்றபடியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று கை தானாகப் போனது. கடைசிப் பத்திக்கு வந்ததும் நின்றது. எப்படிக் கேட்டாலும் அந்த ஆணை தாங்கும். எந்தப் பக்கம் இடித்தாலும் சுவர்தான் இருந்தது. உலகத்திலேயே அந்தப் பத்தியை நன்றாக அறிந்தவன் நான், அதில் ஒரு விரல் நுழைய எனக்கே இடம் கிடைக்கவில்லை. கால் வலித்தது. பின்னால் இன்னொரு மனுதாரர் வந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், மேற்படி இணைப்பு தொடர்பாகத் தக்கவாறு மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெயபாரதி மனுவை வாங்கி மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பேனா மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். அவள் விரல் நேராகத் தாளின் அடிக்குப் போய், கடைசிப் பத்தியின் முதல் சொல்லில் நின்றது.